ஏழாம் மலையில் குளவி இல்லை

போன் அலறியது.

ஜெயந்தினியின் கையில் தேநீர்த் தட்டு. இடுப்பில், வெளிநாட்டு விருந்தாளிகளை வரவேற்கக் கம்பெனி இரவல் கொடுத்த பச்சைச் சேலை. தேயிலைத் தோட்ட ஆபீஸ் குசினியில் தட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி அழகன்.

"அக்கா... பதறாத. மச்சானை ஏழாம் மலையில இருந்து தூக்கிட்டு வந்திருக்கோம். உசுரு இருக்கு. ஆனா..."

"ஆனா என்னடா?"

"குளவி கொட்டிருச்சுன்னு சொல்லி சின்ன துரைதான் லொறியில ஏத்திவிட்டாரு. டாக்டர் பாத்தா ஒரு கொட்டு இல்ல. மேல போட்டிருந்த வெள்ளை உடுப்பைக் கழட்டினா, உள்ள சட்டையெல்லாம் பூச்சி மருந்து ஊறிக் கெடக்கு. மருந்துப் பேரு தெரிஞ்சாதான் சரியான ஊசி போடலாமாம். இருபது நிமிஷம்தான் தாங்கும்ங்கிறாரு."

வெள்ளை உடுப்பு!

அது தொழிலாளர் பாதுகாப்புக்கென்று வாங்கி, ஆபீஸ் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் சாமான். வெள்ளைக்காரர் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். படம் பிடித்ததும் உள்ளே போய்விடும். சாவி, தோட்டத்தை நடத்தும் சின்ன துரை நிரோஷனிடம். மற்ற நாளெல்லாம் அவள் புருஷன் மூக்கன் மூக்கில் ஒரு துவாயும் முதுகில் ஓர் உரச்சாக்கும் கட்டிக்கொண்டுதான் மருந்தடிப்பான்.

அப்படியானால்...

மயங்கி விழுந்தவனைச் சின்ன துரை தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அலுமாரிக்கு ஓடியிருக்கிறார்! நனைந்த சட்டையை மறைக்க உடுப்பை மாட்டிவிட்டுப் பிறகுதான் லொறியைக் கூப்பிட்டிருக்கிறார்.

காரணம் இருந்தது. 'பூச்சி மருந்தே தொடாத தோட்டம்' என்று வெளிநாட்டு விருந்தாளிகளிடம் நற்சான்றுப் பத்திரம் வாங்கும் நாள் இன்று. மிச்சமிருந்த மருந்தை விருந்தாளிகள் வருமுன் ஏழாம் மலையில் அடித்துத் தீர்க்கச் சொல்லி, விடியற்காலையிலேயே மூக்கனை அனுப்பியிருந்தார். கேன்களில் லேபிள் இருக்காது. சுரண்டிவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

பெயர் தெரிந்தவர் ஒரே ஆள்தான்.

நிரோஷன் ஆபீஸ் வராந்தாவில் நின்றார். தலைக்கு மேல் புதுப் பலகை. 'நஞ்சில்லா மலை. எங்கள் ஓடை நீரை அப்படியே அருந்தலாம்.' காலையில் ஒரு தொழிலாளியைக் குளவி கொட்டியதாகவும், இயற்கை இங்கே அவ்வளவு செழிப்பு என்றும் விருந்தாளிகளிடம் உருகிக்கொண்டிருந்தார். கேமரா மாட்டிய அம்மாள் பூரித்துப்போய்க் குறித்துக்கொண்டாள். காவலுக்கு வந்திருந்த சார்ஜன்ட் கணேசமூர்த்தி கேக் தின்றுகொண்டிருந்தார்.

ஜெயந்தினி துரையை ஓரமாகக் கூப்பிட்டாள். டாக்டர் கேட்டதைச் சொன்னாள். கையெடுத்தும் கும்பிட்டாள்.

அவர் சிரித்த முகம் மாறாமல் பல்லைக் கடித்தார்.

"இந்தத் தோட்டத்துல மருந்தே இல்ல. பலகையைப் பாத்தேல்ல? குளவிதான். போய்த் தேத்தண்ணி கொண்டா."

குளவியாம்!

ஏழாம் மலையில் குளவியைப் பார்த்து மூன்று வருஷம். முதலில் தவளைச் சத்தம் நின்றது. பிறகு ஓடையில் மீன் மிதந்தது. கடைசியாகக் குளவிக்கூடுகள் கருகி உதிர்ந்தன. மருந்துக் கேன்களைக் கழுவுவது அந்த ஓடையில்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலிக் குழாய்க்குத் தண்ணீர் வருவதும் அதே ஓடையிலிருந்துதான். துரைமார் குடிப்பது மட்டும் போத்தல் தண்ணீர்.

இன்னும் பதினோரு நிமிஷம்.

ஜெயந்தினி கண்ணைத் துடைத்தாள். தேநீர் ஊற்றினாள். அழகனுக்குப் போன் போட்டு, டாக்டர் பக்கத்திலேயே நிற்கச் சொன்னாள். இணைப்பை வெட்டாமல், போனைத் தட்டுத் துணிக்கு அடியில் வைத்தாள்.

நேரே நிரோஷனிடம் போனாள். விருந்தாளிகளுக்கு நீட்டவில்லை. அவர் கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடிக்கும்வரை காத்திருந்தாள்.

"துரை, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. போத்தல் தண்ணி தீந்துபோச்சு. எங்க லயத்துப் பீலித் தண்ணியிலதான் தேத்தண்ணி போட்டேன். விடியக்காலையில புடிச்சது. ஓடைத்தண்ணி நல்லதுன்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?"

கோப்பை விழுந்து சிதறியது!

நிரோஷன் தொண்டைக்குள் விரலை விட்டார். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தார். டிரைவரைப் பார்த்து அலறினார்.

"ஜீப்பை எடு! டாக்டருக்குச் சொல்லு..."

வாயில் நுழையாத அந்த மருந்தின் பெயரை, எழுத்துப் பிசகாமல், இரண்டு தரம் கத்தினார்.

தட்டுத் துணிக்கு அடியிலிருந்து அழகனின் குரல். "கேட்டுச்சுக்கா! டாக்டர் ஓடுறாரு!"

நிரோஷன் வாயைத் துடைத்தபடி முனகினார்.

"அந்தத் தண்ணி... மனுசன் குடிக்கிற தண்ணியா அது..."

"எங்க லயத்துல தொண்ணூறு பேரு மூணு வருசமா குடிக்கிறோம் துரை." ஜெயந்தினி கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினாள். "நீங்க குடிச்சது போத்தல் தண்ணிதான். வயித்துக்கு ஒண்ணும் செய்யாது."

சார்ஜன்ட் கணேசமூர்த்தி கேக்கைக் கீழே வைத்தார். ஆபீஸ் அலுமாரியைச் சோதிக்க, சாவிக்காகக் கையை நீட்டினார். கேமரா அம்மாள் பத்திரத்தைப் பைக்குள் திரும்பத் திணித்துவிட்டு, பலகையைப் படம் பிடித்தாள். அதன் கீழே கிடந்த வாந்தியும் படத்தில் விழுந்தது.

அரைமணி கழித்து மறுபடி போன்.

மூக்கன் கண் திறந்துவிட்டான். முதலில் பீடி கேட்டானாம். டாக்டர் திட்டினாராம். ஜெயந்தினி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த இரவல் சேலையிலேயே அழுதாள்.

"அதுசரிக்கா, எனக்குக் கத்தினது மட்டும்தான் கேட்டுச்சு. அந்த மனுசன் எப்படி வாயைத் தொறந்தாரு?"

மூக்கைச் சிந்தினாள்.

"குளவி கொட்டிருச்சுடா."