மலையேற்றும் அடி

பூட்டிக் கிடந்த ஃபேக்டரிக்குள்ளிருந்து பச்சைக் கொழுந்து வாடும் வாசம் வந்தது.

ஐவி வாசலிலேயே நின்றுவிட்டாள். தேயிலை விலை விழுந்து, கம்பெனிக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய் இரண்டு மழைக்காலம் கடந்திருந்தது. கவ்வாத்து வெட்ட ஆளில்லாமல் செடியெல்லாம் மரமாகி, அதனடியில் காட்டுப்பன்றி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கூடைக் கொழுந்துகூட இந்தப் பக்கம் வரவில்லை. ஆனாலும் அந்த வாசம், மேல்மாடியில் யாரோ அப்போதுதான் இலையைப் பரப்பிவிட்டு இறங்கிப் போனதுபோல, ஈரமாகவும் லேசான இனிப்பாகவும் மூக்கில் ஏறித் தொண்டையில் வந்து நின்றது. பிற்பகல்தான். ஆனால் ஆனி மாதத்து நெல்லியாளத்தில் பிற்பகலுக்கென்று தனி வெளிச்சம் கிடையாது. உடைந்த கண்ணாடிகள் வழியே மூடுபனி உள்ளே நுழைந்து, தனக்கு உரிமைப்பட்ட இடம்போல அங்கேயே தங்கியிருந்தது.

உள்ளே தப்புப் பறையின் சத்தம் கேட்டது. ஓர் அடி. நிறுத்தம். இன்னோர் அடி. தோலுக்குச் சூடு பதமாக ஏறிவிட்டதா என்று பார்க்கும் அடி.

தம்பி ரவி உள்ளேதான் இருந்தான். மறுநாள் விடிந்ததும் திருப்பூர் பஸ். பனியன் கம்பெனியில் அவனுக்கு ஓர் இடம் வாங்குவதற்குள் அவள் யார் யார் வாசலிலோ நின்றாகிவிட்டது. அம்மா போய், அப்பா ராஜரத்தினமும் போன வருஷம் போய், அவளுக்கென்று மிச்சமிருந்தது அவன் ஒருவன். இவனும் இந்த மலையிலேயே கிடந்தால் குடியிலோ கயிற்றிலோ முடிந்துபோவான். அப்படி முடிந்தவர்களின் பெண்டாட்டிகளோடுதான் அவள் தினமும் குழாயடியில் நிற்கிறாள். அவனை எப்படியாவது பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியதில்லை.

மெஷின் அறையில் பழைய தேயிலைப் பெட்டிகளை உடைத்து எரித்துக்கொண்டிருந்தார்கள். ரவி தப்பைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தான். பஜாரில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகன் வினோத், மடியில் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டா பாரு, திருப்பூர் மேனேஜரு," என்றான் ரவி.

"பைய கட்டி வச்சிட்டேன். கெளம்பு."

"ஒரே ஒரு பாட்டுக்கா."

"பாட்டா அது? தொண்டையில முள்ளு சிக்குன நாயி ஊளை போடற மாதிரி."

வினோத் சிரித்தான். "அது பின்லாந்து பாஷைங்கக்கா. அவிங்க காட்டுச்சாமியக் கூப்புட்டுப் பாடறாங்க."

அந்தச் சிடியைப் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தவன் வினோத்தான். இடிபோன்ற கிடாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே, பனிக்காட்டில் யாரோ பழைய தந்திவாத்தியம் ஒன்றை மீட்டுவார்கள். அது ஐவிக்குத் தலைவலி. அவர்கள் இருவருக்கும் பைத்தியம். அந்தப் பாட்டுக்காரர்கள் சர்ச் வருவதற்கு முந்தின சாமிகளை உண்மையிலேயே கும்பிடுகிறார்களா, இல்லை மேடைக்காகப் போடும் வேஷமா என்று இருவரும் மாதக்கணக்கில் சண்டை போட்டார்கள். பிறகு பந்தலூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ரசிகர்கள் பேசிக்கொள்ளும் பக்கத்திலேயே கேட்டுவிட்டார்கள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி பதில் போட்டாள். எங்கள் முன்னோர் கரடியைக் கொன்றால் அதற்கே விருந்து வைப்பார்கள், மண்டையோட்டைப் பைன் மரத்தில் தொங்கவிடுவார்கள், உங்களிடம் அப்படி ஏதாவது உண்டா என்று.

உண்டு என்று ரவி எழுதினான். ரோதமுனி.

ரோதை என்றால் சக்கரம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறித் திரும்பிய சனம் துணிமூட்டையோடு கொண்டுவந்த சாமி அது. சிலை கிடையாது, மெஷின்தான் சாமி. எதிரெதிராகச் சுற்றிக் கொழுந்தை அரைக்கும் பல் வைத்த அந்த இரண்டு உருளைகளுக்கு இலை எது, விரல் எது என்று தெரியாது. அதனால் வருஷத்துக்கு ஒரு ராத்திரி தப்படித்து அதை அழைத்து, சேவலை அறுத்து உருளைமேல் ரத்தம் விட்டு, விடிவதற்குள் வேறோர் அடி அடித்து வழியனுப்பி மலையேற்றிவிடுவார்கள். அடிப்பவர் அப்பா.

"சாமி அழைக்கிற அடிய மட்டும் பதிஞ்சு அனுப்பினாப் போதும்," என்றான் ரவி. "அவங்களுக்குப் புடிச்சிட்டா, பனியன் கம்பெனியாவது மண்ணாவது."

டேப் ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் அடிக்கத் தொடங்கினான். முதலில் தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல மெதுவாக வந்த அடி, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, தகரக் கூரையில் ஏறி, சுவர்களில் இறங்கி, ஐவியின் பல்லிலும் விலா எலும்பிலும் புகுந்து, சின்ன வயதில் அப்பாவின் தோளுக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே வேகத்தில் முறுகி நின்றபோது, தீயின் நாக்குகள் எல்லாம் மெஷின் பக்கமாகச் சாய்ந்திருப்பதை அவள் பார்த்தாள். காற்று இல்லை. மூடுபனியும் அந்தப் பக்கமாகத்தான் நகர்ந்துகொண்டிருந்தது. ஏதோ ஒன்று நெடுநாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை உள்ளே இழுப்பதுபோல.

ரவி கடைசி அடியை வீசி அடித்துவிட்டுக் குச்சியை உயர்த்தினான். அமைதி.

டக்.

"எக்கோ," என்றான் ரவி, பல்லெல்லாம் தெரிய.

டக். டக்.

"நிப்பாட்டுடா," என்றாள் ஐவி.

"நான் அடிக்கலக்கா."

வினோத் டார்ச்சை அடித்தான். மோட்டார் இருந்த இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள். இரும்புத் திருடர்கள் பெல்ட்டைக்கூட விட்டு வைக்கவில்லை. ஆனால் உருளைகள் அசைந்தன. எண்ணெய் போட்டதுபோல வழுவழுப்பாக. துரு சிவப்புப் பொடியாக உதிர்ந்தது.

"ஏனுங்கக்கா... கரண்டே இல்லீங்களே." வினோத்தின் குரல் உடைந்தது. "மாப்ள, சாமிய அனுப்பி வெச்சுருடா. சீக்கிரம்."

ரவி கையிலிருந்த குச்சியைப் பார்த்தான்.

"அந்தப் பொண்ணு கேட்டுச்சே! கரடிய விருந்து முடிஞ்சதும் காட்டுக்கே வழியனுப்பிருவோம், உங்க சாமிய எப்புடி அனுப்புவீங்கன்னு. நீ பதிலே போடல."

"தெரியாதுடா," என்றான் ரவி. "அப்ப நான் தூங்கிருப்பேன்."

ஐவி தன் நினைவைத் துழாவினாள். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். கம்பளியின் சொரசொரப்பு. அழைக்கும் அடி. சேவலின் சிறகடிப்பு. அதற்குப் பிறகு அம்மாவின் இடுப்பு, தோட்டத்து லயத்து வீட்டு வாசல், விடிந்த வானம். நடுவில் ஒன்றுமில்லை. மலையேற்றும் அடி விடியும் நேரத்து அடி. லயத்துப் பிள்ளைகள் ஒருவர்கூட அதுவரை விழித்திருந்ததில்லை. அந்த அடியை அறிந்த கைகளில் ஒன்று கோயமுத்தூரில் எங்கோ வாட்ச்மேன் வேலை பார்த்தது. மற்றவை மண்ணுக்குள் இருந்தன.

ரவி எதையோ அடித்துப் பார்த்தான். தலைகீழாக. நிதானமாக. வேறு தாளத்தில்.

உருளை வேகமெடுத்தது.

வினோத் ஓடினான். டேப் ரெக்கார்டர் தரையில் விழுந்து உருண்டது. அவன் காலடிகள் படிகளில் இறங்கி மூடுபனிக்குள் போயின. அவை மட்டுமாவது வெளியே போயின.

"வா. ரவி, வாடா." ஐவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் தப்பைக் கீழே வைத்தான். அவசரமில்லாமல். பிறகு மெஷினை நோக்கி நடந்தான். சட்டை அவள் கையில் கிழிந்தது.

"எங்கடா போற?"

திரும்பினான். கண்ணில் பயமில்லை. கொஞ்சம் கூச்சம் இருந்தது, விருந்தாளி வந்த வீட்டில் கொடுக்க ஒன்றுமில்லாதவனின் கூச்சம்.

"சேவல் இல்லையேக்கா."

வலக்கையை நீட்டினான். ஐவி பாய்ந்து அவன் இடக்கையைப் பற்றினாள். இரண்டு கையாலும். இரும்புச் சட்டத்தில் கால் ஊன்றி இழுத்தாள்.

இலை அரைபடும் சத்தம்தான் கேட்டது. வேறெதுவும் இல்லை.

"வலிக்கலக்கா," என்றான் ஆச்சரியத்தோடு.

முழங்கை.

"வலிக்கவே இல்ல."

தோள். அவள் கத்தினாள். அப்பாவைக் கூப்பிட்டாள். ரோதமுனியைக் கூப்பிட்டாள். கால் வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். அவள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று இழுவை அற்றுப்போய்ப் பின்னால் விழுந்தாள்.

உருளை நின்றது.

கண்ணைத் திறந்தாள். மெஷின் முன்னால் யாருமில்லை. அதன் பற்கள் கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தன. கீழே தட்டில் ஏதோ குவிந்திருந்தது. பச்சையாக. பொடியாக. ஆவி பறக்க.

அவள் கைகளுக்குள் தம்பியின் இடக்கை இருந்தது. மணிக்கட்டு வரை. சூடாக.

தட்டிலிருந்த குவியல் ஒருமுறை விம்மித் தாழ்ந்தது.

"வலிக்கலக்கா," என்றது.

அந்தக் கை அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து, மெஷின் பக்கமாக இழுத்தது.