ஷூவுக்குள் வைத்தது

தண்ணீர் குடிக்க எடுத்த எவர்சில்வர் டம்ளர் அவள் விரலைச் சுண்டியது. பட்டென்று ஒரு சின்னச் சத்தம், ஊசி குத்தியதுபோல் ஒரு வலி, அவ்வளவுதான். மழை பெய்து மாதக்கணக்காகிறது, காற்று காய்ந்து கிடக்கிறது, அதனால் இருக்கும் என்று முதல் நாள் விட்டுவிட்டாள். மறுநாள் குழாய் சுண்டியது. அதற்கடுத்த நாள் பீரோக் கதவு. மூன்றாவது வாரத்தில் வீட்டில் இரும்பாக இருந்த எதையும் கையில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் தொட்டாள். இன்னொன்றும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தும் வீட்டில் தூசியே சேரவில்லை. பெருக்கினால் துடைப்பம் சுத்தமாக வந்தது. சீவினால் உதிரும் முடிகூட மறுநாள் சீப்பில் இருப்பதில்லை.

அந்தச் சுண்டல் என்னவென்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கணவர் சொல்லிக் கொடுத்தது. பெயின்ட் கம்பெனியில் பேரலிலிருந்து தின்னரை டின்களில் நிரப்பும் பிரிவில் அவருக்கு வேலை. நடந்தாலே, துணி உரசினாலே உடம்பில் மின்சாரம் சேரும், அங்கே ஒரு பொறி பறந்தால் எல்லாம் போச்சு என்பார். அதற்காகவே கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூ. சேர்வதையெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல் தரையில் இறக்கிவிடும். ஷூ சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, திங்கட்கிழமை தோறும் ஒரு தகட்டின் மேல் ஏறி நின்று பொத்தானை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்கள். "உன்னை மாதிரி கோபத்தைச் சேர்த்து வச்சு ஒரே அடியா அடிக்காது, அப்பப்ப இறக்கிடும்" என்று அவளைச் சீண்டுவார். அந்த ஷூவை ஒருநாளும் அவள் வாசலில் விட்டதில்லை. வேலை முடிந்து ஐந்தே முக்காலுக்கு வந்து, கதவோரம் இருந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி இரண்டு காலையும் நீட்டுவார். அவள் கீழே உட்கார்ந்து கழற்றுவாள். கழற்றி முடித்ததும் அவள் தலையில் ஒரு தரம் கையை வைத்து எடுப்பார்.

நாளெல்லாம் சிமென்ட் தரையில் நின்று அவருக்குக் குதிகால் வலி. ராத்திரியில் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, அவர் தூங்கிய பிறகு, கெட்டியான ஸ்பாஞ்சில் பென்சிலால் வரைந்து, பாத அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி, பசை தடவி ஷூவுக்குள் ஒட்டினாள். சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"என்ன வச்ச ஷூல? மெத்தையில நடக்கற மாதிரி இருக்கு. வலியே தெரியல. இரு, சாயங்காலம் வந்து பேசிக்கறேன்."

இரண்டேகாலுக்குத் தீப்பிடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஷூவைப் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தது கொழுந்தன்தான். பிரித்துக்கூடப் பார்க்காமல் அதைப் பரணில் போட்டாள். ஷூ வந்த அட்டைப்பெட்டியில் அவள் பொத்தான், நூல் எல்லாம் போட்டு வைத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து ஊசி தேடும்போது, அடியில் மடிந்து கிடந்த தாளைத் தற்செயலாகப் படித்தாள். ஷூவுக்குள் கூடுதலாக எதையும் வைக்கக் கூடாது. வைத்தால் மின்சாரம் தரையில் இறங்காது. பெரிய எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். அன்றைக்கே அவள் செத்திருக்க வேண்டும். சாகவில்லை. தாளை மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கொழுந்தனுக்கும் அதே பிரிவில்தான் வேலை. பேரலில் சேரும் மின்சாரத்தைத் தரையில் இறக்கும் எர்த் வயரின் கிளிப்பை ஒவ்வொரு பேரலுக்கும் மாட்டிவிடுவது அவன் பொறுப்பு. அன்று அவன் மாட்டவில்லை என்று விசாரணையில் பேச்சு. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அண்ணனைத் தவிர வேறு நாதியில்லாமல் வளர்ந்தவன். தினமும் சாயங்காலம் வந்து, அண்ணனின் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பான். ஆள் பாதியாக இளைத்துவிட்டான்.

அன்றும் வந்தான். டம்ளரைத் தொட்டவன் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணி, இன்னிக்கு டம்ளர் கடிக்குது."

அதுவரை அவளை மட்டும்தான் கடித்துக்கொண்டிருந்தது. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், போனைக் கையில் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, தரையைப் பார்த்துச் சொன்னான்.

"நாளைக்கு எழுதிக் குடுத்துடறேன் அண்ணி. நான்தான் கிளிப்பை மாட்டலைன்னு. மாட்டின ஞாபகம் இருக்கு. ஆனா கேட்டுக் கேட்டு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அண்ணனை நான்தான் கொன்னுட்டேன் போல."

வாய்வரை வந்தது. நீ மாட்டினாய், வைத்தது நான் என்று மூன்று நான்கு சொல்தான். சொன்னால் அவன் நிமிர்ந்து அவளைப் பார்ப்பான். அந்த முகத்தைப் பார்க்க அவளால் முடியாது. உலகத்தில் அவளை அண்ணி என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம்.

"சாப்பிட்டுப் போ" என்றாள்.

வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கேட் திறந்து மூடும் சத்தம் கேட்டது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மஞ்சள் வெயில் ஜன்னல் வழியாக நாற்காலியின் காலடிவரை வந்து படுத்திருந்தது. மணி ஐந்து நாற்பத்துமூன்று. அப்போதுதான் அந்த வாசனை வந்தது, அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் வரும் வாசனை, தலைக்குள் ஏறி நெற்றியைக் கனக்க வைக்கிற தின்னர் வாசனை. முதலில் லேசாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுக்களை, கூடம் எல்லாம் நிறைந்து கண் எரிந்தது.

பிறகு காலடி. அவர் நடந்தால் டக் டக்கென்று தெருமுனையிலேயே தெரியும். இது அப்படியில்லை. பொத் பொத்தென்று அமுங்கி, மெத்தையில் நடப்பதுபோல் வந்தது. பரணுக்குக் கீழிருந்து புறப்பட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு போய், நாற்காலியருகே நின்றது.

நாற்காலி முனகியது.

அங்கே யாருமில்லை. பிறகு தூசி தெரிந்தது. மூன்று வாரமாகக் காணாமல் போன தூசி, நூல் பிசிறு, துணிப்பஞ்சு, அவளுடைய உதிர்ந்த முடி. எல்லாம் காற்றில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு தோள். ஒரு முழங்கை. குனிந்த ஒரு தலை. அதன் காலில் மட்டும் நிஜமான ஷூ. கறுப்பு ஷூ. பரணில் கட்டிப் போட்ட ஷூ.

இரண்டு காலும் அவள் பக்கம் நீண்டன.

சாயங்காலம் வந்து பேசிக்கொள்கிறேன் என்றவர் வந்துவிட்டார். அவரிடம் கோபம் எதுவும் தெரியவில்லை. அதுதான் அவள் நெஞ்சைப் பிளந்தது. அன்று உடம்பில் சேர்ந்த மின்சாரம் இன்னும் இறங்கவில்லை, இறங்க வழியில்லை. ஒவ்வொரு நாளும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, கழற்றிவிடச் சொல்லிக் காலை நீட்டியிருக்கிறார்.

மண்டியிட்டாள். லேஸைத் தேடினாள். தீயில் உருகி எல்லாம் ஒன்றாகிக் கிடந்தது. நகத்தால் பிய்த்தாள். வரவில்லை.

"நான்தாங்க வச்சேன்" என்று அழுதாள். "வலிக்குதேன்னு வச்சேன்."

தூசியால் ஆன ஒரு கை அவள் தலைக்கு மேல் எழுந்தது. அவள் முடி முழுக்க அதை நோக்கிக் குத்திட்டு நின்றது. கதவின் ஸ்டீல் கைப்பிடியில் சடசடவென்று நீலப் புள்ளிகள். அதில் ஒரு விரல் பட்டால் பொறி பறக்கும். தின்னர். எங்கும் தின்னர்.

கேட் திறந்தது.

"அண்ணி, போனை விட்டுட்டுப் போயிட்டேன்."

கை நின்றது. தலை திரும்பியது. ஒவ்வொரு இழையும், ஒவ்வொரு முடியும் கதவுப் பக்கம் சாய்ந்தது. தம்பியின் குரல்.

"தம்பி, கதவைத் தொடாத!" என்று கத்தினாள்.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது.

"ஏன் அண்ணி?"

ஒரு வார்த்தை போதும். ஷூவில் வைத்தது நான் என்ற உண்மையைச் சொன்னால் போதும். அவன் விலகிப் போவான். அவளை விட்டே போவான்.

"அது... வந்து..."

"அண்ணி? அழறீங்களா?"

வேறு காரணம். ஏதாவது ஒரு காரணம். அவள் தேடினாள்.

கைப்பிடி மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியது.