ஃபைலின் ஜாதகம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவைச் சாத்த வேண்டாம். நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்த கதை.

பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒரு மூன்றாம் மாடி. லிஃப்ட்டுகளைச் சோதித்துச் சான்று தரும் சின்ன ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தினேஷ் தனியாக உட்கார்ந்து தான் எழுதிய குட்டிப் புரோகிராமை ஓடவிட்டான். ஃபைல்களுக்குள் கண்ணில் படாமல் ஒட்டியிருக்கும் குறிப்புகளை மட்டும் படித்துச் சொல்லும் புரோகிராம் அது.

"கயிறு: தேய்ந்தது. பார்த்தவர்: ஸ்வர்ணா. தளம்: 0."

முதல் இரண்டும் அவன் தேடி வந்தவை. மூன்றாவதை யார் எழுதியது?

கூட வேலை பார்த்த ஸ்வர்ணாவின் பழக்கம் அது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் தன் குறிப்பை உள்ளே பொதிந்து வைப்பாள். "ஃபைலுக்கும் ஜாதகம் உண்டு தினேஷ். மூஞ்சிக்குப் பவுடர் போடலாம், ஜாதகத்துக்குப் போட முடியுமா?" என்று சிரிப்பாள். இந்தக் கட்டிடத்து லிஃப்ட்டைச் சோதித்து, 'பத்திரமல்ல' என்று எழுதிவிட்டு லீவில் போனாள். கட்டிடக்காரர் நெருக்கினார். தினேஷ் 'அல்ல'வை மட்டும் வெட்டி, 'பத்திரம்' என்று வாசலில் ஒட்டினான். திரும்பி வந்தவள் கயிற்றை மாற்றிவிட்டார்கள் என்று நம்பி ஏறினாள். கயிறு அறுந்தது.

நாளை விசாரணைக்கு ஃபைல்கள் போகும். அந்தக் குறிப்பு இருந்தால் அவனுக்கு ஜெயில்தான். அழித்தான். மறுபடி ஓட்டினான்.

"பார்த்தவர்: ஸ்வர்ணா. தளம்: 1."

எங்கோ கீழே, பழைய இரும்பு ஒன்று தூக்கம் கலைந்து புரண்டதுபோல முனகியது. கிரீஸ் நெடியும், குழியில் தேங்கிய மழைத்தண்ணீரின் வீச்சமும், அதற்கடியில் வாடிய மல்லிகை வாசமும் கதவிடுக்கு வழியாக மெல்ல உள்ளே நுழைந்தன.

வாட்ச்மேனுக்குப் போன் போட்டான். "கோவிந்தப்பா, லிஃப்ட்ட யாரு போட்டது?"

"எந்த லிஃப்ட்டு சார்? அதுக்குக் கரண்ட்டே புடுங்கிட்டாங்களே! அந்தப் பக்கம் பேடா சார், போகாதீங்க, படியில எறங்கி வந்துடுங்க."

படியும் லிஃப்ட்டை ஒட்டித்தான். தினேஷ் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை அழித்தான்.

"தளம்: 2."

முனகல் நெருங்கியது. கம்ப்யூட்டரை அணைத்தான். திரை அணையவில்லை.

"தளம்: 3."

டிங்.

வராந்தாவில் இரும்புக் கதவு விலகியது. உள்ளே பெட்டி இல்லை. தரை இல்லை. இருட்டு மட்டும்.

"வாங்க தினேஷ்," என்றது குழி. அதே சிரிப்பு. "பத்திரம்தான். நீங்கதானே எழுதினீங்க?"

அவன் கால்கள் நடந்தன. அவனைக் கேட்கவில்லை. ஒரு அடி. இன்னொன்று.

திரையில் அவள் பெயர் மெல்ல அழிந்தது.

"பார்த்தவர்: தினேஷ்."

லிஃப்ட் வாசல் விளிம்பைக் குழிக்குள்ளிருந்து அவளுடைய பத்து விரல்கள் பற்றியிருந்தன. நகமெல்லாம் கிரீஸ்.

நீங்கள் நன்றாயிருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டார் கால் வைக்கும் இடமெல்லாம் தரை இருக்கட்டும்; போனவர்கள் எல்லோரும் பொழுதோடு வீடு திரும்பட்டும்.