நானூற்றுப் பதின்மூன்றாவது பெயர்

மில்லில் வேலை பார்ப்பவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். திரையில் நானூற்றுப் பதின்மூன்று.

1999, ஆடி மாதம், மத்தியானம் இரண்டரை மணி. ராஜபாளையத்து நூல்மில்லின் ஜன்னலே இல்லாத கம்ப்யூட்டர் ரூமில், ஏசியின் முனகலையும் சூடேறிய வயரின் வாடையையும் சகித்துக்கொண்டு பதினெட்டு நாள் மல்லுக்கட்டி, பீரோ உயரப் பழைய ஏஎஸ் நானூறு கம்ப்யூட்டரில் கிடந்த ஆள் பட்டியலை முதலாளி சென்னையிலிருந்தே பிரவுசரில் பார்க்கும்படி இன்றைக்குத்தான் இணைத்திருந்தான் தவசிமுத்து. கூடுதலாக வந்த பெயர், மொக்கைச்சாமி.

“அவன் பஞ்சு சிக்கெடுக்குற கார்டிங் மெஷின்ல கை மாட்டிச் செத்து ஆறு வருசமாச்சுலே,” என்றார் ஆபரேட்டர் காசிராஜன். “வேலையில செத்தவிய பேர இந்தப் பெட்டி அழிக்காது; அப்படி அவன் ஒருத்தன்தான். பேருக்கு முன்னால பெருக்கல் குறி போட்டு மறைச்சு வைக்கும். நீ குறி போட்ட பேரத் தள்ளிட்டு எடுக்க மறந்துட்ட.” சிரித்துக்கொண்டே காப்பி குடிக்கப் போய்விட்டார்.

தவசிமுத்து பக்கத்தைப் புதுப்பித்தான். மொக்கைச்சாமி, இன்று வருகை 2.00, பிரிவு கார்டிங். அடப்பாவி, எவன் விளையாடுகிறான்?

மறுபடி புதுப்பித்தான். கார்டிங் பால்ச்சாமிக்குப் பெருக்கல் குறி. மொக்கைச்சாமி ஸ்பின்னிங்குக்கு நகர்ந்திருந்தான்.

போன் அடித்தது. கார்டிங் மேஸ்திரி. “பால்ச்சாமி விழுந்து கெடக்கான். மூச்சு இல்ல.”

குறி விழுந்தவர்களைத் தள்ளிக் காட்டும்படி பட்டியலைத் திருத்தினான். பால்ச்சாமி மறைந்தான். மொக்கைச்சாமி மறையவில்லை. அவன் பெயருக்கு முன்னால் இப்போது குறியே இல்லை.

ஸ்பின்னிங்கில் சண்முகத்தாயும் மறைந்தாள். மொக்கைச்சாமி இப்போது நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில்.

அங்கேதான் கருத்தம்மா. தவசிமுத்துவின் பெண்டாட்டி. கல்யாணமாகி ஏழே மாதம்.

வயரைப் பிடுங்கினான். பட்டியல் போகவில்லை. கோன் வைண்டிங்குக்குப் போன் போட்டுக் கத்தினான். “கருத்தம்மாள அங்கன நிக்க விடாதீக! இப்பவே என் ரூமுக்கு அனுப்புங்க!”

திரையைப் பார்த்தான். கோன் வைண்டிங்கில் எல்லோரும் இருந்தார்கள். அப்பாடா.

மொக்கைச்சாமியின் வரி. பிரிவு, கம்ப்யூட்டர் ரூம்.

ஏசி நின்றது. பச்சைப் பஞ்சின் வாடை. முதுகுக்குப் பின்னால் மூச்சு.

வெளியே செருப்புச் சத்தம். “ஏங்க, கூப்ட்டீகளாமே?”

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். தொண்டை நிறையப் பஞ்சு. திரையில் கருத்தம்மாவின் பெயர் மறைந்தது. தாழ்ப்பாளைப் போடப் பாய்ந்தான்.

அவனுக்கு முந்தி, பஞ்சு அப்பிய ஒரு கை, இரண்டே விரல்கள், உள்ளேயிருந்து அவளுக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தது.