வெள்ளம் குடிச்சியா

மூன்று வரிகள் வந்து நின்றன. தாரிணியின் விரல் எதையும் தொடவில்லை.

திரையில் மழை. மொட்டை மாடிக் கதவருகே செவ்வந்தி நனைந்து நின்றாள். இந்தக் கதையில் தாரிணிதான் கயல். இப்போது கயல் பேச வேண்டும்.

'உள்ள வா, தலையைத் துவட்டு.'

'நாளைக்குப் போய்த்தான் ஆகணுமா?'

'நீ இல்லாம எனக்கு இந்த மாடி எதுக்கு?'

விரலில் இருந்த நாடிமோதிரம் சிவந்தது. மூன்றும் அவள் நாடியையும் பேச்சையும் படித்து முக்கிளைச் செயலி எழுதியவை. ஒன்று தப்பிக்க, ஒன்று தயங்க, ஒன்று சொல்லிவிட.

இப்போதெல்லாம் முக்கிளை இல்லாமல் பேச யாரும் துணிவதில்லை. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் வாசலில் நின்று திரையைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைகிறார்கள். விடுதிக் காப்பாளர்கூட யாருக்காவது விடுமுறை மறுப்பதென்றால் மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார். எல்லாம் கதைகளில் தொடங்கியது. இயந்திரம் எழுதிய காதலுக்கு வாசகர்களின் நாடி ஏறவில்லை. அதனால் எதிர்ப் பாத்திரத்திலும் ஒரு வாசகரையே உட்காரவைத்தார்கள். நாடிகள் ஒத்துப்போனால் இணைப்பு. யாரென்று தெரிந்துவிட்டால் துண்டிப்பு. பெயர், ஊர், ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் இடையில் ஒரு சல்லடை நீக்கிவிடும்.

தாரிணிக்கு அது வசதியாக இருந்தது. இரண்டு பெண்கள், ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், பார்க்க யாருமில்லை. தருமபுரியில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாது. கோவையில் இந்த விடுதி அறையில், எதிர்க் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் ஜெஸ்லினுக்கும் தெரியாது. ஜெஸ்லினுக்குத் தெரிந்துவிடக் கூடாது. ஒவ்வொரு வரியையும் தாரிணி அவளை நினைத்துத்தான் தொட்டாள்.

நாளைக் காலை ஜெஸ்லின் அறையைக் காலி செய்கிறாள். பெங்களூரில் வேலை. பெட்டி கட்டியாகிவிட்டது. இப்போது ஏதோ துப்பறியும் கதை படிக்கிறாள். அப்படித்தான் சொல்வாள்.

தாரிணி இரண்டாவது வரியைத் தொட்டாள்.

மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு செவ்வந்தியின் பதில் வந்தது:

'போகணும். ஏன் உன் குரல் கம்முது? வெள்ளம் குடிச்சியா?'

தாரிணி அதை இன்னொரு முறை படித்தாள்.

விடுதிக்கு வந்த முதல் நாள், ஜெஸ்லின் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "வெள்ளம் எங்க இருக்கு?" என்று கேட்டாள். தாரிணி பதறி வராந்தாவுக்கு ஓடி எட்டிப் பார்த்தாள். மாடி முழுக்கச் சிரித்தது. "குடிக்க உள்ள வெள்ளம் பிள்ளே. ஆள அடிச்சிட்டுப் போற வெள்ளம் இல்ல" என்றாள் ஜெஸ்லின். மார்த்தாண்டம் பக்கம் தண்ணீருக்கு அதுதான் பெயர்.

சல்லடைக்கு அது ஊர்ப்பேச்சாகப் படவில்லை. எல்லா அகராதியிலும் இருக்கிற சொல். போதாததற்குக் கதையில் மழை வேறு.

தாரிணி மெல்லத் தலையைத் திருப்பினாள். ஜெஸ்லின் போர்வையைத் தலைவரை இழுத்திருந்தாள். உள்ளே நீல வெளிச்சம்.

வேறு யாராகவும் இருக்கலாம். மார்த்தாண்டத்தில் ஜெஸ்லின் ஒருத்திதானா இருக்கிறாள்? தவறாகக் கேட்டுவிட்டால், இரண்டு வருடம் பக்கத்தில் தூங்கியவள் நாளை முகம் கொடுக்காமல் போய்விடுவாள்.

புதிய மூன்று வரிகள் வந்தன. மூன்றாவதில் கண் நின்றது.

'குடிச்சா முழுகிடுவேன்.'

தொட்டாள்.

போர்வைக்குள் ஒரு சிரிப்பு வெடித்தது. பாதியில் அப்படியே நின்றது.

இரண்டு நாடிகளும் ஒரே நொடியில் எகிறியதை மோதிரங்கள் படித்திருக்க வேண்டும். தாரிணியின் மோதிரம் சுட்டது. திரை இருண்டு எழுத்துகள் வந்தன: 'அடையாளக் கசிவு. இணைப்பு முடிந்தது.'

ஜெஸ்லின் எழுந்து உட்கார்ந்தாள்.

"தாரிணி" என்றாள்.

"ம்."

தாரிணியின் பார்வை தானாக ஜெஸ்லினின் முகவாய்க்குக் கீழே இறங்கியது. திரையில் வரிகள் வரும் இடம் அது. அங்கே சட்டைப் பித்தான்தான் இருந்தது. நிமிர்ந்தபோது, ஜெஸ்லினும் இவள் முகத்துக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"துப்பறியும் கதையா?" என்றாள் தாரிணி.

"நீ பாடம் படிக்கேன்னுதான சொன்ன." ஜெஸ்லின் உதட்டைக் கடித்தாள். "அங்க என்னெல்லாம் பேசின. இப்ப பேசு பாப்போம்."

"அங்க எழுதியிருந்துச்சு."

"தொட்டது நீதான?"

"நீயும்தான் தொட்ட."

"நான் நாளைக்குப் போறேன் பிள்ளே."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தாரிணி வாயைத் திறந்தாள். கடைசியாக எப்போது மூன்றில் ஒன்றாக இல்லாத எதையாவது முக்கியமாகச் சொன்னோம் என்று யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

கட்டிலில் கிடந்த திரை ஒளிர்ந்தது. 'புதிய செவ்வந்தி வந்துவிட்டாள்.' அதே மாடி, அதே மழை, அதே முகம். 'இவ்ளோ நேரம் எங்க போயிட்ட?' என்று யாரோ ஒருத்தி கேட்டிருந்தாள். கீழே மூன்று வரிகள்.

தாரிணி திரையைக் கையில் எடுத்தாள். தொடவில்லை. மூன்றாவது வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"போகாத. எனக்கு உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து ஜெஸ்லினைப் பார்த்தாள்.

ஜெஸ்லினின் கண்கள் நிறைந்திருந்தன. பதில் சொல்ல உதடுகளைப் பிரித்தாள். பிறகு குனிந்து தன் திரையைப் பார்த்தாள். அங்கேயும் யாரோ வந்திருக்க வேண்டும். வெகுநேரம் படித்தாள். முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். அவள் விரலில் மோதிரம் செக்கச் சிவந்து எரிந்தது.

"இந்த மூணுல ஒண்ணும் எனக்கு சொல்ல உள்ளது இல்ல பிள்ளே" என்றாள் கடைசியில்.

தாரிணி காத்திருந்தாள். அவள் கையில் இருந்த திரையில் முன்பின் தெரியாத ஒருத்தியும் மழையில் நின்று காத்திருந்தாள்.