இரண்டாவது மூச்சு

கண்ணால் எண்ணியபோது நாற்பத்திரண்டு. கண்ணை மூடிக் காதால் எண்ணியபோது எண்பத்துநான்கு.

ஹெப்சி செல்போனில் மறுபடியும் ஒரு நிமிட டைமர் வைத்தாள். பிள்ளையின் வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு என்று வேலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். நாற்பதைத் தாண்டினால் காத்திருக்காதே, தூக்கிக்கொண்டு வா. அவளுடைய நான்கு வயது மகன் எபி என்கிற எபனேசர் இரண்டு தலையணைகளில் சாய்ந்து, வாய் திறந்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தான். இன்ஹேலரில் கொடுத்த பஃப் எதுவும் கேட்கவில்லை. விலாவுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து மீண்டது. மாலை ஆறு மணி. ஆம்பூரின் மார்கழிப் பனி வெளியே இறங்கத் தொடங்கியிருந்தது. உள்ளே வர அதற்கு வழியில்லை.

வழியில்லாமல் செய்தது ஹெப்சிதான். வீசிங் என்று டாக்டர் சொன்ன அன்றே, தோல் பதனிடும் டேனரியின் நாற்றம் பிள்ளையை நெருங்கக் கூடாதென்று ஜன்னலில் பிளாஸ்டிக் ஷீட் அடித்து, ஓரங்களில் டேப் ஒட்டி, கதவடியில் பழைய புடவையைத் திணித்துவிட்டாள். அந்தத் தெருவில் பிள்ளைகள் இருமும் வீடுகளில் எல்லாம் அப்படித்தான் செய்தார்கள். அப்படி மூடிய அந்த ஒற்றை அறையில்தான் ஷூ கம்பெனிக் கான்ட்ராக்டர் கவுஸ் பாஷா கூலிக்கு ஒட்டுவதற்காக இறக்கிவிட்டுப் போகும் ஷூவின் மேல்பாகத் தோல்கள் சுவரோரம் அடுக்கடுக்காகக் காய்ந்தன. காலையிலிருந்து அவள் பிரஷால் தடவிய சொல்யூஷன் பசையின் தித்திப்பான பெட்ரோல் வாடை, கொசுவர்த்திப் புகையோடு கலந்து, பல்பைச் சுற்றி மெல்லிய நீலமாகத் தொங்கியது.

அவள் கண்ணை மூடினாள்.

கீச்சென்று எபியின் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அது முடிந்த இடத்தில் இன்னொன்று தொடங்கியது. தாழ்வாக, ஈரமாக, நான்கு மூலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில். எபி விட்ட காற்றை அது இழுத்துக்கொண்டது.

போன் அடித்தது. கவுஸ் பாஷா.

"இன்னாம்மா, ஐட்டம் ஆச்சா?"

"பாய், புள்ளைக்கு முடியல. ஜன்னலத் தொறக்கப் போறேன்."

"அய்யோ, பேஜார் பண்ணாதம்மா! பனி பட்டா ஒட்டு வுட்டுக்கும், அத்தனையும் ரிஜெக்ட் ஆய்டும். காலையில தொறந்துக்கோ."

"காலையில யாருக்கு பாய் தொறக்கறது?"

போனை வைத்தாள். டேப்பைப் பிடித்து உரித்தாள். ஷீட்டின் பின்னால் கண்ணாடி வெதுவெதுப்பாக, வியர்த்து இருந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. முழு பலத்தையும் கொடுத்தாள். அசையவில்லை.

அப்போதுதான் இரண்டு சத்தமும் நின்றன.

எபியின் உதடு நீலம். வயிறு ஏறவில்லை. சுவர்கள் அவனைப் பார்த்தபடி காத்திருந்தன. அவளுக்குப் பயம் வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது.

"என் புள்ள மூச்சுல நீ வாழ்வியா?" என்று அறையைப் பார்த்துச் சொன்னாள். "வாழ்ந்துடு பாப்போம்."

பசை டப்பாவைத் தூக்கி ஜன்னலில் எறிந்தாள். கண்ணாடி உடைந்தது. பிள்ளையை அள்ளினாள். கதவும் திறக்கவில்லை; உதைத்தாள். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றாவதில் தெரு வந்தது.

வெளிக் குளிர் முகத்தில் அறைந்தது. எபி விக்கினான், இருமினான், அழுதான். அந்த அழுகையைப்போல் நல்ல சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

தெருக்குழாயில் குடம் வைத்திருந்த பக்கத்து வீட்டு ஷர்மிளா திரும்பினாள். "இன்னாடி, தலைய விரிச்சுப் போட்டுக்கினு பேய் மாதிரி ஓடியார? புள்ளைக்குப் பனி ஆவாதுடி!"

"பனி ஒண்ணும் பண்ணாது. ஆட்டோக்குப் போன் போடு, ஆஸ்பத்திரி போணும். உன் பொண்ணு எங்க?"

"உள்ள தூங்குறா. பனி போவாம நல்லா சாத்திட்டுதான் வந்திருக்கேன்." ஷர்மிளா இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

ஹெப்சி தெருவைப் பார்த்தாள். காற்றே இல்லை. முருங்கை இலைகூட ஆடவில்லை. ஆனால் ஷர்மிளா வீட்டுக் கதவு மெதுவாக வெளியே புடைத்து, மெதுவாக உள்ளே போனது. அதற்கடுத்த வீட்டுக் கதவும். அதற்கடுத்ததும். தெருக்கோடிவரை, எல்லாம் ஒரே தாளத்தில்.

"ஷர்மிளா, கதவத் தொற."

"எதுக்குடி? இப்பத்தான் கண்ணசந்தா..."

ஹெப்சி காத்திருக்கவில்லை. எபியை மார்போடு இறுக்கிக்கொண்டு தோளால் இடித்தாள். பலகை தோல்போல் சூடாக இருந்தது. மறுபடி இடித்தாள். ஒரு விரல் அகலம் திறந்தது. அது மூடிக்கொள்வதற்குள் காலை நடுவில் வைத்தாள்.

உள்ளே விளக்கு இல்லை. அழுகை இல்லை. ஷர்மிளாவின் கையிலிருந்து போன் விழுந்தது. ஹெப்சியின் கூந்தல், எபியின் சட்டை, தெருவில் மிதந்த பனி எல்லாம் அந்த இடைவெளியை நோக்கி நீண்டன. இருட்டுக்குள் ஏதோ மூச்சை இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது.

விடவே இல்லை.