வெள்ளை வண்டியின் சிவந்த மூக்கு

"உங்கம்மா மாசக்கணக்கா எதையோ செய்யறாங்களாம். செஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாதாம். அதுக்கு எங்கப்பா தூங்கறதே மேல்" என்றான் கோலி. கோலிக்குண்டில் குறி தவறாதவன் என்பதால் அவனுக்கு அப்பெயர்.

வகுப்பே சிரித்தது.

சிட்டு கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே அம்மா களைத்த முகத்துடன் அமர்ந்திருந்தார். ஓர் அணுக்கருவை விரைந்து செலுத்தி, கனமான இன்னோர் அணுக்கருவில் மோதவிட்டு, புதிய தனிமம் ஒன்றைப் படைப்பது அவர் பணி. இதுவரை ஒன்றும் ஒட்டவில்லை. அதை இன்று வகுப்பில் விளக்கிக்காட்டி, அம்மாவைச் சிரிக்கவைக்க விரும்பினாள் சிட்டு.

மேசைமேல் இரண்டு பொம்மை வண்டிகள். இரண்டின் முன்னும், அணுக்கருக்களைப் போல ஒன்றையொன்று விலக்கும் காந்தங்கள். நீல வண்டியின் மூக்கில் பிசுபிசுக்கும் சிவப்புக் களிமண். வெள்ளை வண்டியில் களிமண் இல்லை.

சிட்டு நீல வண்டியை மெல்லத் தள்ளினாள். அது பாதியில் தயங்கி, வந்த வழியே திரும்பியது. வேகமாகத் தள்ளினாள். அது விலகியோடி மேசையிலிருந்து குதித்தது.

"எங்க, ஒட்டவே காணோம்?" என்றான் கோலி.

சிட்டு கோபத்தை விழுங்கினாள். "நீ வந்து தள்ளேன், கோலி. அளவா தள்ள உன்னை விட்டா ஆளில்ல."

கோலி இதை எதிர்பார்க்கவில்லை. எழுந்து வந்து, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்தான். தள்ளினான், மீண்டும் தள்ளினான். திடீரென்று 'டக்' என்றது. வண்டிகள் ஒட்டின, இமைப்பொழுதில் பிரிந்தன.

"ஒட்டுச்சு!"

"நாங்க பாக்கலையே. புளுகாதடா" என்றது முன்வரிசை.

"சத்தியமா ஒட்டுச்சு. மிஸ், நீங்களாவது சொல்லுங்க."

"நான் கீழ விழுந்த சாக்பீஸை எடுத்துட்டிருந்தேன்பா" என்றார் ஆசிரியை.

கோலியின் முகம் வாடியது. சிட்டு வெள்ளை வண்டியை உயர்த்திக் காட்டினாள். அதன் மூக்கு சிவந்திருந்தது.

"ஒட்டாம இந்தக் களிமண் எப்படி வந்துச்சாம்?"

முன்வரிசை எழுந்து எட்டிப்பார்த்தது. பின்வரிசையிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது.

"எங்க ஆய்வுக்கூடத்துலயும் இதே சண்டைதான். புது அணு வந்தாலும் உடனே சிதைஞ்சிடும். அது விட்டுட்டுப் போற தடயத்தை வெச்சுத்தான் வந்துச்சுன்னே தெரியும்."

"அப்ப கண்டுபிடிச்சவன் நான்தானே, இதுக்கு நான் பேர் வைக்கலாமா, ஆன்ட்டி?" என்றான் கோலி.

"இன்னொண்ணு வரட்டும். ஒரு தடவை வந்தா உலகம் நம்பாது."

அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் மேசைமுன் வரிசையில் நின்றது. வரிசையின் கடைசியில், சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு அம்மாவும் நின்றார்.

"ஆன்ட்டி, ரொம்ப மெதுவாவும் வேணாம், வேகமாவும் வேணாம்" என்று கோலி கற்றுக்கொடுத்தான்.

"சரிங்க சார்" என்றார் அம்மா.